தாத்தாவின் வயலினை ஒட்டுவதற்கு முன்னால்

கேள்வி: கும்பகோணத்தில் பஜனை மடங்களிலும் சிறு கச்சேரிகளிலும் என் தாத்தா வாசித்த வயலின், ரொம்ப வருடமாகப் பரணில் கிடந்தது. வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். தந்திகளைத் தாங்கும் சிறு மரக் குதிரை நிற்கும் இடத்தில், அதன் வலது காலுக்குக் கீழே தொடங்கி நாலு விரல் நீளத்துக்கு மேல்பலகை விரிந்திருக்கிறது. வால் பக்கத்துக் கறுப்புக் கட்டையின் மூலையில் இன்னொரு சிறு கீறல். இடுப்பு வளைவில் ஓரம் பிரிந்து, ஒரு தாள் நுழைகிற இடைவெளி. கழுத்து லேசாக ஆடுகிறது. உள்ளே ஒரு குச்சி உருள்கிறது. எங்கள் தெருத் தச்சர் சனிக்கிழமை வந்து ஃபெவிகால் போட்டு இறுக்கித் தருவதாகச் சொல்கிறார். உள்ளே இருக்கும் சீட்டில் 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், 1721' என்றும், கீழே சின்ன எழுத்தில் ஜெர்மனி என்றும் இருக்கிறது. இது விலைமதிப்புள்ளதா? சரிசெய்து, வயலின் கற்றுக்கொள்ளும் என் ஒன்பது வயது மகளுக்குக் கொடுக்கலாமா? பாட்டியின் தஞ்சாவூர் வீணையும் இருக்கிறது. அதில் மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தும் இடத்தில் இருக்கும் உலோகக் கம்பிகள், நகர்ந்துவிட்டன. அதற்கு என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

முதலில் தச்சரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரிசலைப் பற்றியும் ஆடுகிற கழுத்தைப் பற்றியும் படித்தபோது எனக்குப் பெரிய கவலை வரவில்லை. இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. அந்தச் சனிக்கிழமை வரியைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கதவுக்கும் அலமாரிக்கும் அந்த வெள்ளைப் பிசின் அருமையானது. ஒருமுறை ஒட்டினால் பிரியாது. வயலினுக்கு ஆகாததும் அந்தக் குணம்தான். வயலின் என்பது திறந்து மூடுவதற்காகவே ஒட்டப்பட்ட பெட்டி. அதன் பசை மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. நம் ஊர்ப் பழைய தச்சர்கள் வஜ்ரம் என்று வைத்திருந்தார்களே, அந்த இனம். சிறு மணிகளாகக் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல் வெந்நீருக்குள் நிறுத்தி, சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பூசுவோம். கொதிக்கவிட்டால் பிடிமானம் போய்விடும். காய்ந்தால் நன்றாக இறுகும். பிறகு எத்தனை வருடம் கழித்தும் ஈரமும் சூடும் பட்டால் இளகிக்கொடுக்கும்.

ஓரங்களை ஒட்டும்போது இந்தப் பசையை வேண்டுமென்றே நீர்க்கக் கரைத்துக்கொள்வோம். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பெரும்பாலான இடங்களில் 3 மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். மழைக்காலத்தில் அகலவாக்கில் ஊதும், வறண்ட காலத்தில் சுருங்கும். அந்த இழுபறியில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஓரத்துப் பசை விட்டுவிட்டால் பலகை பிழைக்கும். பசை விடாமல் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டால் பலகை கிழியும். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ, வயலினுக்கு அந்த ஓரப் பசை அப்படி. உங்கள் வயலின் இடுப்பில் பிரிந்திருப்பதை நான் பழுதாகவே எண்ணவில்லை. அந்தப் பசை அதன் வேலையைச் செய்திருக்கிறது.

அந்த இடைவெளியில் வெள்ளைப் பிசினை விட்டால் அது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர் பட்டால் கொஞ்சம் மிருதுவாகுமே தவிர முழுதாக வெளியே வராது. அது படிந்த இடத்தில் பிறகு தோல் பசை பிடிக்கவும் பிடிக்காது. இன்னொரு குணமும் உண்டு: தொடர்ந்து இழுப்பு இருந்தால் காய்ந்த பிறகும் மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும். எப்போதும் தந்தியின் இழுப்பிலேயே இருக்கும் கழுத்து மூட்டுக்கு அதனால் அது உதவவே உதவாது. அரால்டைட் மாதிரி இரண்டு குழாய் கலந்து போடும் பசை இன்னும் மோசம். அடுத்தமுறை திறக்கும்போது பசை விடாது. பக்கத்து மரம் நார்நாராகப் பிய்ந்து வரும். பட்டறைக்கு வரும் பழைய வயலின்களில் உண்மையான பழுதைச் சரிசெய்ய ஆகும் நேரத்தைவிட, யாரோ அவசரத்தில் போட்ட பசையைச் சுரண்டி எடுக்க ஆகும் நேரம்தான் பல சமயம் அதிகம். சுரண்டும்போது கூடவே கொஞ்சம் மரமும் போகும். விரிசலின் இரண்டு உதடுகளும் அதற்குப் பிறகு முன்போல் பொருந்தாது.

நான் இந்தத் தொழிலில் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்: பின்னால் வருபவர் பிரிக்க முடியாத எதையும் ஒரு வாத்தியத்தில் செய்யக்கூடாது. உங்கள் சீட்டில் பெயர் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற வயலின் ஆசான் ஸ்ட்ராடிவாரி, இத்தாலியின் கிரெமோனாவில் செய்தவற்றில் அறுநூறு சொச்சம் வாத்தியங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பலமுறை திறக்கப்பட்டவை. 1800-ஐ ஒட்டிய காலத்திலிருந்து பெரிய அரங்குகளுக்காகத் தந்தியின் இழுப்பு கூடியபோது, பழைய வயலின்களின் கழுத்தைக் கழற்றி நீளமான கழுத்து வைத்தார்கள். மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் நீளக் கட்டையான பாஸ் பாரை எடுத்துவிட்டு இன்னும் வலுவானதைப் பொருத்தினார்கள். ஸ்ட்ராடிவாரி பிரியாத பசை போட்டிருந்தால் இதில் எதையும் செய்திருக்க முடியாது.

சரி, ஸ்ட்ராடிவாரி பேச்சு வந்துவிட்டதால் சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயலின் அவர் செய்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷென் வட்டாரத்தில் லட்சக்கணக்கில் வயலின்கள் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் பலகை என்று பிரித்துக்கொண்டு செய்த குடிசைத் தொழில் அது. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தார்களோ அந்த ஆசானின் பெயரைச் சீட்டில் அச்சிடுவது வழக்கம். வாங்குபவருக்கும் அது தெரியும். அந்தக் காலத்தில் யாரும் இதை மோசடியாக நினைக்கவில்லை. 1721 என்ற வருடம் போட்ட சீட்டுகள் நிறையவே உண்டு. 'லேடி பிளன்ட்' என்று பெயர் பெற்ற உண்மையான 1721-ஆம் வருட ஸ்ட்ராடிவாரி ஒன்று, 2011-ல் ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்காக ஏலம் விடப்பட்டு 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. அதன் படத்தைத் தேடிப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'ஜெர்மனி' என்ற அந்தச் சின்ன எழுத்துதான் நமக்கு உதவுகிறது. இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்கவேண்டும் என 1890-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் சீட்டுகளில் நாட்டின் பெயர் பரவலாக வரத் தொடங்கியது. ஆக, உங்கள் வயலின் பெரும்பாலும் 1890-க்குப் பிந்தையது. மேல்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நாலு மூலைகளிலும் முட்டுக்கட்டைகள் இருக்கின்றனவா? குதிரையின் இடது காலுக்கு நேர் கீழே நீளவாக்கில் ஓடும் பாஸ் பார் தனிக் கட்டையாக ஒட்டியிருக்கிறதா, இல்லை மேல்பலகையிலேயே செதுக்கி விட்டதா? மூலைக் கட்டை இல்லாமல், பாரும் பலகையிலேயே செதுக்கியதாக இருந்தால் அது மலிவு ரகம். கட்டையும் தனி பாரும் இருந்தால் கொஞ்சம் கவனமாகச் செய்தது. இரண்டு வகையிலும் மரம் பெரும்பாலும் நல்ல மரமே. இந்த ஜெர்மன் வயலின்களில் சில, ஒழுங்காகத் திறந்து சீர்செய்த பிறகு, இன்று கடையில் மாணவர்களுக்கென்று விற்கும் புதியவற்றைவிட நன்றாகப் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இப்போது, யாரிடமாவது காட்டும்வரை என்ன செய்யவேண்டும் என்பதற்கு வருகிறேன். உள்ளே உருள்கிற அந்தக் குச்சி சவுண்ட் போஸ்ட். சுமார் 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்ப்ரூஸ் குச்சி. குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், பசையே இல்லாமல் வெறும் அழுத்தத்தில் நிற்கும். முழுச் சுருதியில் வைத்தால் நாலு தந்தியின் மொத்த இழுப்பு 20 கிலோவைத் தாண்டும். அதில் ஏழெட்டு கிலோவாவது குதிரை வழியாக நேராக மேல்பலகையை அழுத்தும். அதைத் தாங்கிக்கொள்வதில் பெரும் பங்கு இந்தக் குச்சிக்கு. அது விழுந்திருக்கும்போது தந்தியை முறுக்கினால் பலகை உள்வாங்கும், விரிசல் நீளும். ஆகவே எல்லாத் தந்திகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். வால் பகுதி மேல்பலகையில் உரசாமல் அடியில் ஒரு மெல்லிய துணி வையுங்கள். குதிரையை எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் குச்சியை வெளியே எடுக்க முயல வேண்டாம், கிடக்கட்டும்.

விரிசலை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கையின் எண்ணெய்ப்பசை உள்ளே போனால் பிறகு பசை பிடிக்காது. இதே காரணத்தால் பாலிஷ், தேங்காயெண்ணெய், மரச்சாமான் துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். தூசி தட்டக் காய்ந்த மெல்லிய துணி போதும், அதையும் விரிசல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சானிடைசர், கொலோன் பட்ட கையால் தொடவே கூடாது. ஆல்கஹால் பழைய வார்னிஷைக் கரைத்துவிடும். பெட்டிக்குள் சிறு சிலும்புகள், உடைந்த ஓரத் துண்டுகள் ஏதாவது கிடந்தால் ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். அரிசி மணி அளவுத் துண்டு கிடைத்தாலும் அந்த இடத்துக்குப் புது மரம் தேடவேண்டியதில்லை.

வயலினை நேராக ஏசி அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். பரணின் காற்றுக்குப் பழகிய மரம் ஒரே நாளில் வறண்ட காற்றைச் சந்தித்தால் விரிசல் கூடும். நிழலான, காற்றோட்டமுள்ள சாதாரண அறை போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மே மாதத்தில் மூடிய காருக்குள் ஏறும் வெப்பத்துக்குத் தோல் பசை இளகிவிடும். வில்லின் முடி அங்கங்கே அறுந்து தொங்கினால், பெட்டியின் இருட்டில் வளரும் சிறு பூச்சிகள் தின்றிருக்கும். பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் வைத்து, மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போட்டு எடுங்கள். வில்லுக்குப் புது முடி போடுவது வழக்கமான வேலைதான்.

இனி ஒவ்வொரு பழுதாக. பிரிந்த ஓரம் சின்ன வேலை. பழைய பசையை ஈரத்தில் இளக்கித் துடைத்துவிட்டு, புதுப் பசையைச் சூடாக மெல்லிய தகடால் உள்ளே செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் போதும். மற்ற இடங்களும் பிரிந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிரிந்த இடம் சளசளக்கும்.

வால் பக்கக் கீறலுக்குக் காரணம் அந்தக் கறுப்புக் கட்டையேதான். அது கருங்காலி. நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. சுற்றியிருக்கும் ஸ்ப்ரூஸ் அகலவாக்கில் சுருங்கும். இரண்டு முனையிலும் இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தியிருந்தால், சுருங்க இடமில்லாத பலகை அந்த மூலையில்தான் கிழியும். கீறலை ஒட்டுவதோடு நிறுத்தாமல், கட்டையின் இரு முனைகளிலும் ஒரு தாள் கனத்துக்கு இழைத்து இடம் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த கோடையில் அதே இடம் கிழியும்.

பெரிய வேலை குதிரைக் காலடி விரிசல்தான். சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்துக்கு மேலாக அது ஓடுவதால், வெறுமனே ஒட்டினால் நிற்காது. கீழிருந்து குச்சி தள்ளும், மேலிருந்து குதிரை அழுத்தும். முறையாகச் செய்யவேண்டுமானால் மேல்பலகையை முழுதாகக் கழற்ற வேண்டும். மொண்ணையான மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்து, பசை விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கேட்டு, விரலளவு விரலளவாகச் சுற்றிவருகிற பொறுமையான வேலை. பலகை கையில் வந்ததும் விரிசலில் சேர்ந்த அழுக்கை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி எடுத்து, இரண்டு உதடுகளையும் மட்டம் பிசகாமல் சேர்த்து ஒட்டுவோம். பிறகு உட்புறத்தில் குச்சி முட்டும் இடத்தில் பலகையை ஆழமில்லாத கிண்ண வடிவில் குடைந்து, அதே குழிவுக்கு அச்சாகப் பொருந்தும் புது ஸ்ப்ரூஸ் துண்டை, ரேகை ஓட்டம் பார்த்து, ஒட்டிப் பழைய கனத்துக்கு இழைப்போம். பட்டறைகளில் இதைப் பேட்ச் வைப்பது என்பார்கள். மேல்பலகையின் வெளிவளைவு இந்த வேலையில் கெடாமல் இருக்கப் பிளாஸ்டர் அச்சு எடுத்து அதில் படுக்கவைத்துக்கொண்டு செய்வதுண்டு. துண்டை வெட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். சாக்பீஸைத் தடவி, வைத்துப் பார்த்து, படாத இடத்தைக் கண்டு, மறுபடி ஒரு சீவல் எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பதில்தான் நாட்கள் போகும். விரிசலின் மீதி நீளத்துக்குக் குறுக்கே சிறு சிறு சதுரத் துண்டுகள் ஒட்டினால் போதும்.

பலகையைத் திறந்திருக்கும்போதே பின்பலகையின் உட்புறத்தையும் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். குச்சிக்கு நேராகப் பின்பலகையிலும் விரிசல் இருந்தால் அது மேல்பலகை விரிசலைவிடக் கடுமையான பழுது; வாத்தியத்தின் மதிப்பும் பெரிதாகச் சரியும். பின்பலகை மேப்பிள், அவ்வளவு சுலபத்தில் விரியாது. உங்கள் கடிதத்தில் அப்படி ஏதும் சொல்லவில்லை என்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கழுத்து ஆடுவதை முழுதாகக் கழற்றித்தான் ஒட்டவேண்டும். ஆடுகிறபடியே இடுக்கில் பசை விட்டால் பிடிக்காது. கழற்றி ஒட்டும்போது கழுத்தின் சாய்வையும் சரிசெய்துவிடலாம். விரல் பலகையின் மேல்மட்டத்தை அப்படியே நீட்டினால் குதிரை நிற்கும் இடத்தில் 27 மில்லிமீட்டரை ஒட்டிய உயரத்தில் வரவேண்டும். பழைய வயலின்களில் கழுத்து இறங்கி இந்த அளவு குறைந்திருக்கும்; அதற்கு ஏற்பக் குதிரையைத் தேய்த்துத் தேய்த்துக் குட்டையாக்கி இருப்பார்கள், நாதம் அமுங்கிவிடும்.

நம் ஊரில் வாசித்த வயலினை அதன் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றோர் இந்த ஐரோப்பிய வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தபோது அதன் கட்டமைப்பில் எதையும் மாற்றவில்லை. சுருதி சேர்க்கும் முறையும் பிடிக்கும் விதமும்தான் மாறின. சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். அதனால் அந்தச் சுருளின் ஒரு பக்கம் வார்னிஷ் போய் மரம் வழவழப்பாகியிருக்கும். பாடகரின் சுருதிக்கு ஏற்ப ஒரு கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டை வரைக்கும் ச-ப-ச-ப ஏற்றி இறக்குவதில் பிரடைகள், அதாவது தந்தியை முறுக்கும் திருகுகள், ஓயாமல் திரும்பும். அவற்றின் துளைகள் பெரிதாகி, பிரடை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நிற்காத பிரடையைப் பலமாக உள்ளே அமுக்குவார்கள். அப்படி அமுக்கித்தான் தலைப்பெட்டியின் பக்கச்சுவர் விரிகிறது. உங்கள் வயலினில் பிரடைத் துளைகளை ஒட்டி மெல்லிய கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். துளை ரொம்பப் பெரிதாகியிருந்தால் மரத்தால் அடைத்துப் புதிதாகத் துளையிட்டு, 30-க்கு 1 என்ற சரிவில் துளையைச் சரிவாக இழைக்கும் ரீமர் போட்டுப் புதுப் பிரடை பொருத்துவார்கள். பிரடை வெறுமனே வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ், இறுகி முரண்டினால் கொஞ்சம் காய்ந்த சோப்பு. அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

சுருளிலும் கழுத்தடியிலும் தாத்தாவின் காலும் கையும் பட்டுத் தேய்ந்த இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள். யாராவது முழுசாகச் சுரண்டி, புது வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றால் வயலினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பழைய வார்னிஷைச் சுரண்டினால் அதோடு மரத்தின் மேல்தோலும் போகும், கனமும் குறையும். விற்பனை மதிப்பும் பெரிதாக விழும். ஒட்டிய விரிசலின் மேல் மட்டும், தேவையான அளவு நிறம் தொட்டு விட்டால் போதும். விரிசல் இருந்த இடம் உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்யும். தெரியட்டுமே. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

செலவைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஓரம் ஒட்டுவது, பிரடை, குதிரை, சவுண்ட் போஸ்ட் இவையெல்லாம் சிறிய தொகையில் முடியும். மேல்பலகையைத் திறந்து பேட்ச் வைத்து, கழுத்தையும் மறுபடி ஒட்டுவது பெரிய தொகை. இந்த ரக வயலினின் சந்தை விலையை அது தாண்டவும் கூடும். விற்பதற்காகச் சரிசெய்வதானால் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வீட்டில் ஒருவர் வாசிக்கப் போகிறார், தாத்தாவின் வயலின்தான் வேண்டும் என்றால் தயங்காமல் செய்யுங்கள். மதிப்பீடு கேட்கும்போது ஒரே தொகையாக வாங்காமல், வேலைவாரியாக எழுதி வாங்குங்கள்.

யாரிடம் கொடுப்பது? மகளின் ஆசிரியரிடம், அவருடைய வயலினை யார் திறந்து சரிசெய்தார் என்று கேளுங்கள். தந்தியும் பெட்டியும் விற்கிற எல்லாக் கடையிலும் இந்த வேலை தெரிந்தவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. போனதும் முதல் கேள்வியாக என்ன பசை போடுவீர்கள் என்று கேளுங்கள். தோல் பசை என்று யோசிக்காமல் பதில் வந்தால் மேலே பேசலாம். பாட்டிலில் திரவமாக வரும் வேறு எதையாவது சொன்னால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். அடுத்து, விரிசலுக்கு மேல்பலகையைத் திறப்பீர்களா என்று கேளுங்கள். திறக்காமலே வெளியிலிருந்து ஒட்டிவிடலாம் என்பவர் இந்த விரிசலின் இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பலகை திறந்திருக்கும்போது உட்புறத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல கைவேலைக்காரர் அதைச் சந்தோஷமாகச் செய்வார். அந்தப் படங்களைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். பின்னாளில் திறப்பவருக்கு உதவும்.

இதற்கெல்லாம் அவசரம் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு முழு அளவு வயலின் பொருந்தாது. இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கையின் நடு வரை அளந்து பாருங்கள். சுமார் 58 சென்டிமீட்டர் வரும்போதுதான் முழு அளவுக்குப் போகலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல். இப்போது அவள் வாசிக்கும் சிறிய வயலினே தொடரட்டும். பெரியதைக் கையில் கொடுத்தால் விரல்கள் எட்டாமல் மணிக்கட்டை மடக்கும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. ஆக உங்களுக்கு இரண்டு, மூன்று வருடம் கையில் இருக்கிறது. நல்ல ஆளைத் தேடவும் பணத்தைச் சேர்க்கவும் அது போதும். வயலின் தந்தி தளர்ந்த நிலையில் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

வீணை விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம்தான். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகோடு கரிப்பொடி போன்றவை கலந்த கறுப்பு மெழுகுத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் மெழுகு இளகும், மெட்டு சாயும், சுரம் பிசகும். பரணின் சூட்டில் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வீணை கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அவ்வப்போது மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டிக்கொள்வதற்காகவே, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்துப் பதித்துக்கொள்வதற்காகவே, அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. பிரித்து மறுபடி சேர்க்கலாம் என்று நான் மேலே வயலினுக்குச் சொன்ன அதே அறிவு, நம் வீணையில் கண்ணுக்கு நேராகவே தெரிகிறது. சாய்ந்த மெட்டை எந்தப் பசையாலும் நீங்களாக ஒட்டாதீர்கள்.

கூடவே வீணையின் பெரிய உருண்டைப் பகுதியான குடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையா, குடமும், மெட்டுகள் இருக்கும் நீளப் பகுதியான தண்டியும் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணையா என்று தெரிந்துகொண்டால் மேளம் கட்டுபவரிடம் போனிலேயே விவரம் சொல்லிவிடலாம். ஒட்டு வீணையானால் தண்டியும் குடமும் சேரும் இடத்தில் மூட்டு விட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்; அந்த மூட்டு அசைந்தால் மேளம் எத்தனை தடவை கட்டினாலும் நிற்காது, மூட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எடுத்துப் போகும்போது காலை நேரமாகக் கிளம்புங்கள், குடத்துக்கு அடியில் தலையணை வையுங்கள். மேளம் கட்டுவதற்கு முன்பே புதுத் தந்திகள் போட்டுவிடச் சொல்லுங்கள். துருப்பிடித்த பழைய தந்தியை வைத்துக் கட்டிய மேளம், பிறகு புதுத் தந்தி மாற்றும்போது சுரம் சரியாக நிற்காமல், மறுபடி அவரிடமே போகவேண்டி வரும்.